மாத்திரையா, ரப்பர் வளையமா? தில்லி ஆய்வு ஒன்றின் எண்கள்

மருத்துவ ஆய்வுகளின் முடிவுகள் மருத்துவர்களுக்கு மட்டுமே உரியவை என்னும் எண்ணம் நமது அலுவலகங்களில் பரவலாக உள்ளது. ஆயினும், மருத்துவமனை ஒன்றுக்கு எண்டோஸ்கோப் கருவி வாங்குவதா, அத்தொகையை மருந்துகளுக்கு ஒதுக்குவதா என்று கேட்கும் கோப்பு இறுதியில் நிர்வாக அதிகாரியின் மேசைக்கே வந்து சேர்கிறது. ஆய்வு எண்களைப் படிக்கும் முறையை அவர் அறிந்திருத்தல் அவசியம்.

இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு தில்லியிலேயே உள்ளது. மயூர் விஹாரிலிருந்து யமுனையைக் கடந்து சென்றால், தில்லி வாயிலுக்கு அருகே, 1964-இல் தொடங்கப்பெற்ற கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையைக் காணலாம். அங்கு டாக்டர் எஸ். கே. சரினும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்வு ஒன்று 1999-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயிற்று.

நோயின் தன்மை

இரைப்பை, குடல், மண்ணீரல் ஆகியவற்றின் இரத்தம் போர்ட்டல் சிரை என்னும் பெரிய நாளத்தின் வழியே கல்லீரலை அடைகிறது. மதுப் பழக்கம், ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள், கொழுப்புப் படிவு போன்றவற்றால் கல்லீரல் தழும்பேறி இறுகும் நிலையே சிரோசிஸ் எனப்படுகிறது. அப்போது, மதகு அடைபட்ட வாய்க்காலில் நீர் கரையை முட்டுவது போல, இச்சிரையில் அழுத்தம் உயர்கிறது. இரத்தம் மாற்று வழி தேடுகிறது; உணவுக்குழாயின் அடிப்பகுதியில் உள்ள மெல்லிய சிரைகள் புடைக்கின்றன. அவை வெடித்தால் நோயாளி இரத்த வாந்தி எடுப்பார். மலம் தார் போலக் கறுத்துப் போகும். சில மணி நேரத்தில் உயிர் போகவும் கூடும்.

முதல் இரத்தப்போக்கு நேருமுன்னரே அதைத் தடுக்க இரு வழிகள் உண்டு. ஒன்று, நாள்தோறும் புரோப்ரனலால் மாத்திரை. இது நாடித் துடிப்பையும் போர்ட்டல் அழுத்தத்தையும் குறைக்கிறது. மற்றது, எண்டோஸ்கோப் வழியாகப் புடைத்த சிரையின் மீது சிறு ரப்பர் வளையத்தை மாட்டி அதை வாடச் செய்வது.

எண்கள் கூறுவது

தில்லி ஆய்வில் 89 நோயாளிகள் இடம்பெற்றனர். அவர்களுள் 82 பேர் சிரோசிஸ் உடையவர்கள். 44 பேருக்கு மாத்திரையும் 45 பேருக்கு வளையமும் என முறை வகுக்கப்பட்டது. மாத்திரைக் குழுவில் 12 பேருக்கும் வளையக் குழுவில் 4 பேருக்கும் இரத்தப்போக்கு ஏற்பட்டது. 18 மாதங்களில் இரத்தப்போக்கு நேரும் வாய்ப்பு முறையே 43 விழுக்காடு, 15 விழுக்காடு எனக் கணக்கிடப்பட்டது.

44-இல் 12 என்பது 27 விழுக்காடுதானே, 43 எங்கிருந்து வந்தது என்று மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. எல்லா நோயாளிகளும் 18 மாதங்கள் கண்காணிப்பில் இருக்கவில்லை. சராசரிக் காலம் 13, 14 மாதங்களே. எனவே ஆயுள் காப்பீட்டுக் கணக்கைப் போல, ஒவ்வொரு கட்டத்திலும் எஞ்சியிருந்தோரை அடிப்படையாகக் கொண்டு வாய்ப்பு கணிக்கப்படுகிறது. இரு முறைகளும் சமமே என்று கொண்டாலும் இத்தகைய வேறுபாடு 100-க்கு 4 முறை தற்செயலாகத் தோன்றக்கூடும். மாத்திரைக் குழுவில் 5 பேரும் வளையக் குழுவில் 5 பேரும் இறந்தனர். இவ்வளவு சிறிய குழுக்களில் இதைக் கொண்டு உயிர் காப்பதில் வளையமே மேல் என்று கூறிவிட இயலாது.

இனி நிதிக் கணக்கு. வளைய முறைக்குச் சராசரியாக 3.2 அமர்வுகள் தேவைப்பட்டன. அதாவது 100 பேருக்கு 320 அமர்வுகள். மாத்திரையோடு ஒப்பிட இதனால் தடுக்கப்படுவது 28 பேருக்கு நேரக்கூடிய இரத்தப்போக்கு. ஒருவருக்கு அதைத் தடுக்கச் சுமார் 11 எண்டோஸ்கோபி அமர்வுகள்! பின்னர் செய்யவேண்டிய கண்காணிப்பு இதில் சேராது. இது வீண் செலவு என்பதல்ல என் கருத்து. அதே மேசையில் இரத்த வாந்தியோடு வருபவருக்கும் இடம் வேண்டும் என்பதே கவலை.

மற்றொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். வளையக் குழுவில் இரத்தப்போக்கு ஏற்பட்ட நால்வரில் மூவருக்கு, சிரைகள் முழுவதும் மறையுமுன்னரே அது நேர்ந்தது. திரிலோக்புரியிலோ கல்யாண்புரியிலோ தங்கித் தினக்கூலிக்குச் செல்பவர் இரண்டாம் அமர்வுக்கு வராமல் ஊருக்குப் புறப்பட்டுவிட்டால், ஆய்வின் 15 விழுக்காடு அவருக்குப் பொருந்துமா? மாத்திரைக்கும் இதே இடர் உண்டு; நாடியைப் பார்த்து அளவைத் திருத்த ஒருவர் வேண்டும். ஆஸ்துமா உடையோருக்கோ புரோப்ரனலால் தரலாகாது.

பின்னர் நிகழ்ந்தவை

பிற நாட்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தபோது, முதல் இரத்தப்போக்கைக் குறைப்பதில் வளையத்துக்குச் சாதகம் தெரிந்தது. உயிரிழப்பில் தெளிவான வேறுபாடு தென்படவில்லை. 2019-இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் கேள்வியையே மாற்றினர். அபாயமான சிரைப் புடைப்பு இன்னும் தோன்றாத 201 சிரோசிஸ் நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்குப் புரோப்ரனலால் அல்லது கார்வெடிலால் மாத்திரையும், ஏனையோருக்கு மருந்தற்ற மாத்திரையும் தந்தனர். நோய் முற்றுதலோ இறப்போ முன்னவருள் 16 விழுக்காட்டினருக்கும் பின்னவருள் 27 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தது. வயிற்றில் நீர் கோப்பது குறைந்ததே இதற்கு முதன்மைக் காரணம். 2021-இல் கூடிய ஏழாவது பவேனோ மாநாடு கார்வெடிலாலுக்கு முன்னுரிமை அளித்தது. மலிவான மாத்திரை இவ்வாறு மீண்டும் முன்னுக்கு வந்தது.

இரத்தப்போக்கு தொடங்கிய பின்னர் எவ்வளவு இரத்தம் ஏற்றுவது என்பதிலும் எண்கள் நம் வழக்கத்தைத் திருத்தியுள்ளன. 2013-இல் வெளியான பார்சிலோனா ஆய்வில் 921 பேர் இடம்பெற்றனர். ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்கினால் மட்டுமே இரத்தம் ஏற்றப்பட்டோரில் 95 விழுக்காட்டினர் ஆறு வாரங்களுக்குப் பின் உயிருடன் இருந்தனர். 9 கிராமிலேயே ஏற்றப்பட்டோரில் 91 விழுக்காட்டினர். முதல் குழுவில் பாதிப் பேருக்கு இரத்தமே தேவைப்படவில்லை. உறவினரை அழைத்துவந்து ஈடாக இரத்தம் தரச்சொல்லும் வழக்கம் நிலவும் நாட்டில் இது பெரிய சேமிப்பு. எனினும், கட்டுக்கடங்காது பெருக்கெடுத்த இரத்தப்போக்கு உடையோர் அவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. 7 கிராம் என்னும் எல்லையை அவர்களுக்குப் பொருத்தலாகாது.