தபாலில் சேர்த்த சம்மதம்

தோட்ட வேலையில் சேர்த்த பணத்தைக்கொண்டு குளுவாங்கிலோ சிகாமட்டிலோ ஒரு துண்டு நிலம் வாங்க நாம் விரும்புகின்றோம். நிலத்துக்காரர் விலையைக் குறித்து, இன்ன தேதிக்குள் பதில் வேண்டும் என்று கடிதம் எழுதுகின்றார். நம் சம்மதக் கடிதம் தபாலில் தாமதமானால் நிலம் கைநழுவிவிடுமா?

சிலாங்கூரில் எழுந்த 1913ஆம் ஆண்டு வழக்கொன்று இதற்கு விடை தருகின்றது. பெல் என்பவர், தம் நிலத்தை வாங்கிக்கொள்ளும் உரிமையை 1912 ஆகஸ்ட் 20 வரை இக்னேஷியஸ் என்பவருக்கு அளித்திருந்தார். இக்னேஷியஸ் 16ஆம் தேதியே கிள்ளானில் பதிவுத் தபாலில் சம்மதத்தை அனுப்பினார். கடிதமோ கோல சிலாங்கூர் தபால் நிலையத்தில் கிடந்து, 25ஆம் தேதிதான் பெல்லின் கைக்குச் சென்றது. தபாலில் சேர்த்தபோதே ஏற்பு நிறைவுற்றது என்பதே தீர்ப்பு.

இன்று ஜொகூருக்கும் பொருந்தும் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் அவ்வாறே கூறுகின்றது. கடிதம் நம் கையைவிட்டு நீங்கியதும் விற்பவர் கட்டுப்படுகின்றார். நாம் கட்டுப்படுவதோ அச்செய்தி அவருக்கு எட்டும்போதுதான்; அதற்குமுன் தொலைபேசியில் தெரிவித்தேனும் விலகிக்கொள்ளலாம். வாங்குபவருக்குச் சற்றுச் சாதகமான ஏற்பாடுதான்!

ஆனால், "சம்மதம், இரண்டாயிரம் வெள்ளி குறையுங்கள்" என்று எழுதினால் அது ஏற்பாகாது. ஏற்பு முழுமையாக, நிபந்தனையின்றி இருத்தல் வேண்டும் என்கிறது 7ஆம் பிரிவு. குறைத்துக் கேட்பது புதிய முன்மொழிவு. அதன்பின் பழைய விலைக்கும் தர விற்பவர் மறுக்கலாம்.

பதில் தம் கையில் கிடைத்தாக வேண்டும் என்று விற்பவர் விதித்திருந்தால், தபாலில் சேர்த்தது மட்டும் போதாது. அவ்வாறு விதிக்காதபோது, தேதி முத்திரையிட்ட பதிவுத் தபால் ரசீதே நமக்குச் சாட்சி.