நெல்லுக்குத் தண்ணீர் நின்றுகொண்டே இருக்க வேண்டுமா?

நெல் போட்டால் வயலில் தண்ணீர் வற்றவே கூடாது. ஆத்தூர், தலைவாசல் பக்கம் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பி நடவு செய்கிறவர்களிடம் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை இது. தண்ணீரில் நிற்பதை நெல் தாங்கும். அதன் தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகள் மேலிருந்து காற்றை வேருக்கு இறக்கிக் கொடுக்கின்றன. ஆனால் தாங்குவது வேறு, தேவைப்படுவது வேறு. நிற்கும் தண்ணீர் செய்கிற பெரிய வேலை களையை அடக்குவதுதான். ஒரு கிலோ நெல்லுக்குச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வயலுக்குள் வருகிறது. பயிர் வழியாகவும் மண்ணிலிருந்தும் ஆவியாவது சுமார் 1,400 லிட்டர் என்கிறது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம். மீதியில் பெரும்பங்கு அடிமண்ணில் இறங்குகிறது, வரப்பு வழியே கசிகிறது.

வயலைக் காயவிட்டுப் பிறகு பாய்ச்சி, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டினால் மகசூல் விழுந்துவிடும் என்பார்கள். எவ்வளவு காயவிடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 56 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த அலசலில், நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டரைத் தாண்டாதவரை மகசூலில் குறிப்பிடத்தக்க இழப்பு இல்லை; தண்ணீர் 23 சதவீதம் மிச்சமானது. அதற்கு மேல் காயவிட்ட வயல்களிலோ மகசூல் 22 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. ஆகவே வெடிப்பைப் பார்த்துக் குத்துமதிப்பாக முடிவெடுப்பது ஆபத்து. ஓரடி நீளத்துக்குச் சற்று அதிகமான பிவிசி குழாய்த் துண்டு ஒன்று போதும். அடிப்பாதியில் சுற்றிலும் துளை போட்டு, துளைகள் மண்ணுக்குள் போகும்படி இறக்கி, உள்ளே அடைத்த சேற்றை அள்ளிவிட வேண்டும். உள்ளே எட்டிப் பார்த்தால் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று தெரியும். மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்சலாம். நடவு முடிந்து வேர் பிடிக்கும்வரையும், பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் இந்தக் கணக்கு வேண்டாம். அப்போது தண்ணீர் நிற்கட்டும்.

கரண்ட் இலவசம், மிச்சம் பிடித்து என்ன லாபம் என்பவர்களும் உண்டு. எனக்கு மிகவும் கவலை தருவது இந்தப் பேச்சுதான். ஆத்தூர், தலைவாசல் போன்ற நம் பகுதிகளின் அடியில் இருப்பது கடினப் பாறை. மேலே சிதைந்த மண்படலத்திலும் பாறை விரிசல்களிலும் சேர்ந்த கொஞ்சத் தண்ணீரைத்தான் இறைக்கிறோம். ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனால், இரவு மூன்று ஃபேஸ் வரும்போதெல்லாம் மோட்டார் ஓடி, நிறைந்த வயலே மறுபடி நிறைகிறது.

ஒற்றை நாற்று நட்டால் விளைச்சல் இரட்டிப்பு என்பது எதிர்ப்பக்கத்து மிகை. மடகாஸ்கரில் 1980களில் பாதிரியார் ஆன்றி தெ லொலானியே உருவாக்கிய இந்த முறை, இங்கே திருந்திய நெல் சாகுபடி ஆனது. 14, 15 நாள் நாற்று, சதுர நடவு, ஏக்கருக்கு 20 கிலோவுக்கு மேல் பிடிக்கும் விதை 3 கிலோவில் முடிவது எல்லாம் மெய்யான ஆதாயம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2003-04இல் தாமிரபரணி, காவிரிப் பாசன வயல்களில் நடத்திய சோதனைகளில் எக்டேருக்குச் சராசரியாக ஒன்றரை டன் கூடியது. நல்ல லாபம்தான், ஆனால் இரட்டிப்பு இல்லை. தண்ணீர் குறைந்தால் களை கிளம்பும். பத்து நாளுக்கு ஒருமுறை கோனோ வீடர் என்ற களைக்கருவியை உருட்டாவிட்டால் அந்த லாபமும் கையில் நிற்காது.

காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவதை யாரும் எங்கும் செய்யலாம் என்பதும் சரியல்ல. கிணற்றுப் பாசனக்காரர் கையில் சுவிட்ச் இருக்கிறது. மேட்டூர் கிழக்குக் கரை, மேற்குக் கரைக் கால்வாய்களையோ ஜேடர்பாளையம் ராஜவாய்க்காலையோ நம்பியவர்களுக்கு அப்படியில்லை. மேல் வயலில் நிறைந்து கீழ் வயலுக்கு வழியும் இடத்தில் ஒருவர் மட்டும் காயவிட முடியாது. ஒரே மடையில் பாயும் எல்லோரும் சேர்ந்து முறை வைத்துக்கொண்டால்தான் நடக்கும்.