பழைய தொலைபேசியும் புதிய இணையவழியும்

அறிவியல் வளர்ச்சியினால் நாம் அடையும் நன்மைகள் பலவாகும். ஆயினும், ஒரு சாதனம் இயங்கும் முறையை அறிந்து கையாளுவோருக்கே அதன் முழுப்பயன் கிட்டும். அறியாதவர்களுக்கு, அவசர வேளையில் அது கைகொடுக்காமலும் போகக்கூடும். அம்பாங்கான் போன்ற வட்டாரங்களில் தோட்ட அலுவலகங்களிலும் ஆலயங்களிலும் இல்லங்களிலும் உள்ள பழைய தொலைபேசியையும் தொலைநகல் கருவியையும் இணையவழித் தொலைபேசியோடு இணைக்கும் முறையை இங்குக் காண்போம்.

பழைய முறை

நம் நாட்டில் தொலைபேசிச் சேவையை முன்னர் அரசாங்கத்தின் தொலைத்தொடர்பு இலாகா நடத்தி வந்தது. 1987-ஆம் ஆண்டில் அப்பணி நிறுவனமயமாக்கப்பட்டது. அக்காலம் முதல் பல்லாண்டுகள் வரை, நமது குரலை இரண்டு செப்புக்கம்பிகளே சுமந்து சென்றன. அதே கம்பிகளின் வழியாகத் தொலைபேசி நிலையம் 48 வோல்ட் மின்சாரத்தையும் அனுப்பியது. ஆகவேதான், வீட்டில் மின்சாரம் தடைப்பட்ட இரவிலும் தொலைபேசி இயங்கிற்று.

2010-ஆம் ஆண்டில் யூனிஃபை என்னும் ஒளியிழைச் சேவை தொடங்கியது. ஒளியிழை என்பது கண்ணாடியால் ஆனது. அதன் வழியே ஒளி செல்லும்; மின்சாரம் செல்லாது. பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இதுவேயாகும்.

மாற்றுப் பெட்டியின் பணி

பழைய தொலைபேசிக்கு இணையத்தின் மொழி தெரியாது. இரண்டுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராக நிற்பது அடாப்டர் எனப்படும் சிறிய மாற்றுப் பெட்டி. அது தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரத்தைத் தருகிறது. அழைப்பு வரும்போது மணியடிக்கச் செய்கிறது. நமது குரலை நொடிக்கு 8000 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. அந்த எண்கள் சிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, பெரும்பாலும் நொடிக்கு 50 பொட்டலங்கள் வீதம் அனுப்பப்படுகின்றன.

இதனை நமது தொழிலைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். மரந்தோறும் கோப்பையில் வடிந்த பாலைச் சேர்த்து, வாளியில் சுமந்து, நேரத்தோடு ஸ்டோரில் சேர்ப்பிக்கிறோம். நேரம் கடந்தால் பால் உறைந்துவிடும். குரல் பொட்டலங்களும் அத்தகையனவே. காலந்தாழ்த்தி வரும் பொட்டலத்தைப் பெட்டி தள்ளிவிடுகிறது. பொட்டலங்கள் மிகுதியாக இழக்கப்படும்போது பேச்சு அறுந்து அறுந்து கேட்கிறது. வீட்டார் பலர் ஒரே நேரத்தில் படம் பார்க்கும்போது குரல் சிதைவதற்கும் இணையப் பாதையின் நெருக்கடியே காரணமாகலாம்.

இணைக்கும் முறை

முதலாவதாக, எட்டுக் கம்பிகள் கொண்ட பெரிய செருகியால் மாற்றுப் பெட்டியை ரௌட்டருடன் இணைக்க வேண்டும். இரண்டாவதாக, தொலைபேசியின் சிறிய செருகியைப் பெட்டியின் தொலைபேசித் துளையில் பொருத்த வேண்டும். மூன்றாவதாக, சேவை நிறுவனம் வழங்கிய பயனர் பெயரையும் மறைசொல்லையும் பதிவு செய்ய வேண்டும். பின்னர் ஒலிவாங்கியை எடுத்தால், வழக்கமான ஒலி கேட்கும்.

பெட்டியின் தொலைபேசித் துளையைச் சுவரில் உள்ள பழைய தொலைபேசித் துளையுடன் இணைத்தலாகாது. அதில் நிலையத்தின் மின்சாரம் இன்னும் இருக்குமாயின் பெட்டி பழுதாகிவிடும். எண்வட்டத்தைச் சுழற்றும் பழைய தொலைபேசிகளைச் சில பெட்டிகள் ஏற்பதில்லை என்பதையும் வாங்குமுன் கேட்டறிதல் நலம்.

தொலைநகலின் சிக்கல்

பேச்சில் ஓர் அசை மறைந்தாலும் கேட்பவர் பொருளை ஊகித்துக்கொள்வார். தொலைநகல் கருவியோ ஊகிக்க அறியாது. பொட்டலங்கள் தவறினால் பக்கம் பாதியில் நின்றுவிடும். குரலைச் சுருக்கி அனுப்பும் முறைகளும் தொலைநகலின் ஒலிகளைக் கெடுத்துவிடும். இதற்குத் தீர்வாக, அனைத்துலகத் தொலைத்தொடர்புச் சங்கம் 1998-ஆம் ஆண்டில் டி.38 என்னும் முறையை வகுத்தது. மாற்றுப் பெட்டியும் சேவை நிறுவனமும் அம்முறையை ஏற்கின்றனவா என்று கேட்டறிய வேண்டும். இல்லையெனில், குரலைச் சுருக்காத ஜி.711 முறையைத் தேர்ந்து, தொலைநகலின் வேகத்தை நொடிக்கு 9600 பிட்டுகளாகக் குறைத்தால் பெரும்பாலும் பயன் கிட்டும். முக்கியமான பத்திரங்களை அனுப்பியபின், பக்கங்கள் முழுமையாகக் கிடைத்தனவா என்று பெற்றவரிடம் கேட்டு உறுதி செய்தல் வேண்டும்.

உயிர் காக்கும் எச்சரிக்கை

நள்ளிரவில் ஒருவருக்கு மாரடைப்பு வருகிறது அல்லது பாம்பு தீண்டுகிறது. புயல்மழையால் மின்சாரமும் இல்லை என்று கொள்வோம். செப்புக்கம்பித் தொலைபேசியில் 999-ஐ அழைத்திருக்க முடியும். இணையவழித் தொலைபேசியோ அவ்வேளையில் ஊமையாகிவிடும். ஆதலின், ஒளியிழைப் பெட்டி, ரௌட்டர், மாற்றுப் பெட்டி ஆகிய மூன்றுக்கும் மின்கலச் சேமிப்புக் கருவி வேண்டும். ஒன்றை விட்டாலும் மற்றவற்றால் பயனில்லை. மின்னேற்றிய கைத்தொலைபேசி ஒன்றும் அருகில் இருத்தல் வேண்டும்.

மேலும், இணையவழித் தொலைபேசியை வேறிடத்திற்குக் கொண்டுசென்றாலும் பழைய முகவரியே பதிவில் இருக்கலாம். எனவே, 999-ஐ அழைப்போர் தோட்டத்தின் பெயர், டிவிஷன், சாலை, அருகிலுள்ள ஆலயம் அல்லது பள்ளி ஆகியவற்றைத் தெளிவாகக் கூற வேண்டும். இவ்விவரங்களை எழுதித் தொலைபேசியின் அருகே ஒட்டிவைத்தால் சிறுவர்களும் படித்துச் சொல்வர்.

அன்பர்களே, இன்று மாலையே ஒரு சோதனை செய்து பாருங்கள். வீட்டின் முதன்மை மின்விசையை அணைத்துவிட்டு ஒலிவாங்கியை எடுங்கள். ஒலி கேட்டால், வீட்டில் உள்ள ஒருவரது கைத்தொலைபேசியை அழைத்து உறுதி செய்யுங்கள். ஒலி கேட்கவில்லையெனில், அடுத்த மழைக்காலம் வருமுன் அக்குறையை நீக்குங்கள். வருமுன் காப்பதே அறிவுடைமை.