கணினியில் ஓடும் பில்ட், சர்வரில் நிற்பது ஏன்?

என் கணினியில் வெப்பேக் பில்ட் ஒழுங்காக முடிகிறது. சர்வரில் மட்டும் ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட்’ என்று நின்றுவிடுகிறது. கோப்பு அங்கேயேதான் இருக்கிறது! என்ன செய்வது?

கோப்பு இருந்தும் இந்தப் பிழை வந்தால் முதலில் பார்க்க வேண்டியது பெயரில் உள்ள பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு. விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. லினக்ஸ் சர்வர் விடாது. கோப்பின் பெயர் பெரிய ‘ஹெச்’சில் தொடங்கும் ‘ஹெடர்’ என்றும், இம்போர்ட் வரியில் அதே பெயர் சிறிய ‘ஹெச்’சுடனும் இருந்தால், லினக்ஸுக்கு அவை இரண்டு வெவ்வேறு கோப்புகள்.

பிழைச் செய்தியில் வரும் பாதையைக் கோப்பின் பெயரோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, இம்போர்ட் வரியைத் திருத்தினால் போதும். கோப்பின் பெயரையே மாற்றுவதானால் ‘கிட் எம்வி’ கட்டளையால் மாற்ற வேண்டும். வேறு வழியில் எழுத்தை மட்டும் மாற்றினால் கிட் அதைக் கவனிக்காமல் விட்டு, பழைய பெயரையே சர்வருக்கு அனுப்பக்கூடும். கிட்டில் பதிவாகியுள்ள பெயரை ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்’ காட்டிவிடும்.

செய்தியில் இருப்பது சொந்தக் கோப்பாக இல்லாமல் ஒரு பேக்கேஜின் பெயராக இருந்தால், அது பேக்கேஜ் ஜேசான் பட்டியலில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். ‘டெவ் டிப்பென்டன்சிஸ்’ பகுதியில் உள்ளவற்றை, புரொடக்‌ஷன் முறையில் இயங்கும் என்பிஎம் நிறுவுவதில்லை. பில்டுக்குத் தேவையான பேக்கேஜை ‘டிப்பென்டன்சிஸ்’ பகுதிக்கு மாற்றலாம். அல்லது பில்ட் முடியும்வரை அந்த முறையைத் தள்ளிவைக்கலாம்.

‘கிரிப்டோ’, ‘பஃபர்’ போன்ற நோட் மாட்யூல்களின் பெயர் வந்தால் காரணம் வேறு. 2020-இல் வந்த வெப்பேக் 5 அவற்றுக்கான மாற்று நிரலைத் தானாகச் சேர்ப்பதில்லை. தேவையானதை நிறுவி, அமைப்புக் கோப்பின் ‘ரிசால்வ் ஃபால்பேக்’ பகுதியில் குறிப்பிட வேண்டும். பிரவுசருக்குத் தேவையே இல்லை என்றால் அங்கே ‘ஃபால்ஸ்’ என்று கொடுத்துவிடலாம்.