பட்டப்படிப்பின் வகைகள்: விண்ணப்பிக்க முன் அறியவேண்டியவை

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வந்ததும் மாணவர் கேட்கும் முதற் கேள்வி, "எந்தக் கம்பஸ் கிடைக்கும்?" என்பதே. அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கிடைக்கப்போவது எவ்வகைப் பட்டம்?

கலை, விஞ்ஞான பீடங்களில் இரு வகைப் பட்டங்கள் உள்ளன. மூன்று ஆண்டுகளில் முடிவது பொதுப் பட்டம். நான்கு ஆண்டுகள் ஒரு பாடத்தை ஆழ்ந்து கற்பது சிறப்புப் பட்டம். இப்போது இதனைக் கௌரவப் பட்டம் என்றும் கூறுவர். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் முன்னையது 5ஆம் மட்டம், பின்னையது 6ஆம் மட்டம். 90 கிறெடிற், 120 கிறெடிற் என்பது அவற்றின் குறைந்த அளவு. வேறுபாடு ஓர் ஆண்டு மட்டுந்தானே என எண்ணிவிடாதீர்கள். பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவிக்குச் சிறப்புப் பட்டத்தில் முதலாம் அல்லது இரண்டாம் வகுப்புச் சித்தி கேட்கப்படும். சிறப்புப் பட்டத்துக்கான தெரிவு ஆரம்ப வருடப் பெறுபேறுகளைக் கொண்டே நடைபெறும். முதலாம் வருடத்தை விளையாட்டாகக் கழித்துவிட்டுப் பின்னர் கதவு மூடிவிட்டதே என வருந்துவோர் ஒவ்வோர் அணியிலும் இருக்கின்றனர்.

தொழில்சார் பட்டங்களில் இத்தெரிவு இல்லை. மருத்துவம் ஐந்து ஆண்டுகள். அதன்மேல் ஓராண்டு உள்ளகப் பயிற்சி. சித்த மருத்துவமும் அவ்வாறே. பொறியியலும் விவசாயமும் நான்கு ஆண்டுகள். சட்டமாணிப் பட்டமும் நான்கு ஆண்டுகளே. ஆயினும் சட்டத்தரணியாவதற்குச் சட்டக் கல்லூரிப் பரீட்சையும் தொழிற்பயிற்சியும் தேவை. இதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நன்று.

இனி விண்ணப்பம். கொழும்புத்துறை மாணவர் ஒருவர் திருநெல்வேலிக்குச் சைக்கிளிலேயே போய்வரலாம். 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அங்கேதான் உள்ளது. எனவே பலர் யாழ்ப்பாணம் என்ற பெயரைக் கண்டவுடன் அதை முதலில் எழுதிவிடுகின்றனர். ஆனால் அதன் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ளன. வவுனியா வளாகமோ 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது.

விருப்பு வரிசைப்படியே தெரிவு நடைபெறும் என்பதை நன்கு விளங்கிக்கொள்ளுங்கள். உமது இசட் புள்ளிக்கு மூன்றாவதாக எழுதிய நெறி கிடைத்தால், நான்காவது நெறிக்கு உம்மைக் கருதமாட்டார்கள். அதற்கும் புள்ளி போதுமாக இருந்தாலுங்கூட. ஆகவே, "வீட்டுக்குப் பக்கம்" என்று மேலே எழுதிய ஒரு நெறி, நீர் உண்மையில் விரும்பிய நெறியை விழுங்கிவிடக்கூடும். உயர்ந்த வெட்டுப்புள்ளி கொண்ட நெறியை மேலே எழுதுவதால் கீழுள்ளவற்றுக்கான வாய்ப்புக் குறைவதில்லை. அச்சத்தினால் வரிசையை மாற்றவேண்டியதில்லை.

பெரும்பாலான நெறிகளின் வெட்டுப்புள்ளி மாவட்டந்தோறும் வேறுபடும். பெயரில் கொழும்பு இருந்தாலும் கொழும்புத்துறை யாழ்ப்பாண மாவட்டமே! வெள்ளவத்தையில் படித்த மச்சானின் வெட்டுப்புள்ளியை வைத்து உமது வரிசையைத் தீர்மானிக்க வேண்டாம்.

உள்வாரி அனுமதி கிடைக்காதவர்க்கும் வழி உண்டு. 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்தில் பிராந்திய நிலையம் உள்ளது. கட்டணம் செலுத்தவேண்டும், ஆனால் வேலை செய்துகொண்டே கற்கலாம். வெளிவாரிப் பட்டத்துக்குச் சுயகற்றலே முதுகெலும்பு. பதிந்தோர் பலர் இடைநடுவில் விட்டுவிடுவதால், நேர அட்டவணை ஒன்றைக் கடைப்பிடிக்கத் தம்மால் முடியுமா எனத் தம்மையே கேட்டபின் பதிதல் வேண்டும். கோப்பாயிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரி உயர்தரச் சித்தியோடு ஆசிரியர் தொழிலுக்கு வழிவிடுகிறது. கைத்தொழிலில் நாட்டமுள்ளவர் தேசிய தொழிற்றகைமை மட்டங்களினூடாக ஏறி, 7ஆம் மட்டத்தில் பட்டத்தையே அடையலாம்.

பயிற்சி
1. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலில் உமது பாடத்துறைக்குரிய ஐந்து நெறிகளைத் தெரிந்து, ஒவ்வொன்றினதும் காலம், பட்ட வகை, கற்பிக்கப்படும் மொழி, பீடம் அமைந்துள்ள இடம் ஆகியவற்றை எழுதுக.
2. அவற்றை வெட்டுப்புள்ளியைப் பாராது உமது விருப்பின்படி வரிசைப்படுத்துக. பின்னர் யாழ்ப்பாண மாவட்ட வெட்டுப்புள்ளியைப் பக்கத்தில் குறித்து, வரிசையை மாற்ற மனம் வந்தால் அதற்கான காரணத்தை ஒரு வரியில் எழுதுக.