மாட்டைக் கறந்து பார்க்கிறோம், படிப்பை?



கறவை மாடு வாங்கச் சந்தைக்குப் போனால் நாம் என்ன செய்கிறோம்? "பத்து லிட்டர் கறக்கும்மா" என்று தரகர் சொன்னவுடன் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறோமா? இல்லையே! பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். எத்தனையாவது ஈத்து என்று கேட்கிறோம். நாலு காம்பிலும் பால் வருகிறதா என்று பார்க்கிறோம். காலையிலும் சாயங்காலமும் நாமே கறந்து பார்த்த பிறகுதான் விலை பேசி முடிக்கிறோம்.

ஆனால் அதே அளவு பணத்தைப் பிள்ளையின் படிப்புக்கோ, நம்முடைய தொழில் பயிற்சிக்கோ கட்டும்போது ஒரு நோட்டீசை நம்பிக் கட்டிவிடுகிறோம். ஏன்? மாட்டைப் பற்றி நமக்குத் தெரியும், படிப்பைப் பற்றி என்ன தெரியும் என்ற பயம்தான் காரணம். இந்த மாதப் பாடம் அந்தப் பயத்தைப் பற்றியது.

நடந்தது என்ன?

சமீபத்தில் ஒரு குழுக் கூட்டத்துக்குக் கூட்டமைப்பில் இருந்து நாங்கள் இரண்டு பேர் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து கடன் விண்ணப்பங்கள் வந்தன. ஒரு அக்கா எழுந்து 50,000 ரூபாய் கேட்டார். மகள் பிளஸ் டூ பாஸ். நர்ஸிங் சேர்க்க வேண்டும். கையில் ஒரு நோட்டீஸ். "ஒரே வருடத்தில் நர்ஸ் ஆகலாம். பத்தாவது பாஸ், பெயில் யாரும் சேரலாம். 100 சதவீத வேலை உத்தரவாதம்" என்று போட்டிருந்தது. கட்டணம் 48,000 ரூபாய்.

"படிப்புக் கடன்தானே, நல்ல காரியம், கொடுத்துடலாம்" என்று எல்லோரும் சொன்னார்கள். ஊக்குநர் தீர்மான நோட்டை எடுத்துவிட்டார். அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு சகோதரி மெதுவாகச் சொன்னார்: "அக்கா, மூணு வருஷம் முன்னாடி என் பொண்ணுக்கும் இப்படித்தான் ரெண்டே நிமிஷத்துல கடன் கொடுத்தீங்க. அவ இப்ப ஆஸ்பத்திரியில வார்டு தொடைக்கிறா. நர்ஸ்னு யாரும் சேர்த்துக்கல. அந்தச் சர்டிபிகேட் செல்லாதாம். நான் இன்னும் தவணை கட்டிக்கிட்டிருக்கேன்."

கூட்டம் அமைதியாகிவிட்டது. மூன்று வருடமாக இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். "நாமதானே போய் ஏமாந்தோம்" என்ற நினைப்பு. அவர் மட்டுமா ஏமாந்தார்? கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்ட குழுவுக்கும் அதில் பங்கு உண்டு. அந்தக் கடனுக்கு ஒப்புதல் கொடுத்த கூட்டமைப்பு என்ற முறையில் எங்களுக்கும் உண்டு.

கடனை ஒரு வாரம் தள்ளி வைத்தோம். மறுக்கவில்லை, தள்ளித்தான் வைத்தோம். அந்த ஒரு வாரத்தில் ஐந்து கேள்விகளுக்குப் பதில் தேடினோம்.

ஐந்து கேள்விகள்

1. சொல்வது யார்? அவருக்கு இதில் என்ன லாபம்?

நோட்டீசைக் கொடுத்தவர் அந்த அக்காவின் பெரியம்மா பையன். சொந்தக்காரர். கெட்டவர் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையைச் சேர்த்துவிட்டால் அவருக்குக் கமிஷன் உண்டு. கேட்டதும் அவரே ஒத்துக்கொண்டார். கமிஷன் வாங்குபவர் சொல்வதெல்லாம் பொய் என்று அர்த்தமில்லை. அவர் சொல்வதை இன்னொரு இடத்தில் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான். மாட்டுத் தரகரிடம் நாம் சண்டை போடுவதில்லையே, மாட்டைத்தானே பார்க்கிறோம்?

2. அதற்கு ஆதாரம் என்ன?

நர்ஸ் ஆவதற்கு நம் நாட்டில் மூன்று முக்கியமான படிப்புகள் இருக்கின்றன. ஏ.என்.எம். என்ற துணை செவிலியர் படிப்பு 2 வருடம். ஜி.என்.எம். என்ற டிப்ளமோ 3 வருடம். பி.எஸ்சி. நர்ஸிங் 4 வருடம். மூன்றுக்கும் பிளஸ் டூ பாஸ் செய்திருக்க வேண்டும். பி.எஸ்சி. நர்ஸிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களும் படித்திருக்க வேண்டும். படிப்பை முடித்ததும் மாநில நர்ஸிங் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு இருந்தால்தான் நர்ஸ்.

இப்போது நோட்டீசைத் திரும்பப் படியுங்கள். ஒரு வருடம், பத்தாவது பெயிலானாலும் சேரலாம். இரண்டுமே பொருந்தவில்லை. குழுவில் இருந்து இரண்டு பேரும் அந்த அக்காவும் நேரில் போய், "படிச்சு முடிச்சா கவுன்சில்ல பதிவு பண்ண முடியுமா? முடியும்னா எழுதிக் கொடுங்க" என்று கேட்டார்கள். "எங்க சர்டிபிகேட்டே போதும்மா" என்று பதில் வந்தது. எழுதித் தரவில்லை. வேலை உத்தரவாதத்தையும் எழுதித் தரவில்லை. வாயால் சொல்வதைக் கையால் எழுத மறுத்தால், அதுவே நமக்குக் கிடைத்த பதில்.

3. நமக்கு முன்னால் போனவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?

எந்த நிறுவனமும் வேலை கிடைத்தவர்களின் போட்டோவைத்தான் சுவரில் மாட்டும். கிடைக்காதவர்களின் போட்டோவை மாட்டுமா? ஆகையால் அவர்கள் காட்டும் ஆளிடம் மட்டும் கேட்டால் போதாது. நாமாகத் தேடிப் போய் நாலு பேரிடம் கேட்க வேண்டும். என்ன வேலை, என்ன சம்பளம், எத்தனை மாதம் கழித்துக் கிடைத்தது, கூடப் படித்தவர்கள் எங்கே என்று கேட்க வேண்டும். இங்கே தேடி அலையத் தேவையே இருக்கவில்லை. பதில் நம் குழுவிலேயே மூன்று வருடமாக உட்கார்ந்திருந்தது!

4. மொத்தம் எவ்வளவு போகும்? எவ்வளவு வரும்? எப்போது வரும்?

அந்த அக்கா கட்டணத்தை மட்டும்தான் கணக்குப் பார்த்திருந்தார். விடுதிக்கு மாதம் 3,500 ரூபாய். 12 மாதத்துக்கு 42,000. கட்டணம் 48,000. மொத்தம் 90,000 ரூபாய். குழுக் கடன் 50,000-க்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் முதல் மாத வட்டி மட்டும் 500.

படித்து வருபவர்களுக்கு அங்கே கிடைப்பது உதவியாளர் வேலை. சம்பளம் 8,000 என்று சொன்னார்கள். தங்க, சாப்பிட, பஸ்ஸுக்கு 3,000 போனால் மிச்சம் 5,000. அந்த மிச்சத்தை அப்படியே கட்டினாலும், வட்டி இல்லாமலே 90,000 ரூபாய் திரும்பி வர 18 மாதம் ஆகும். அதே வேலைக்கு இந்தப் படிப்பு இல்லாமலும் ஆள் எடுக்கிறார்கள் என்பது விசாரித்த பிறகுதான் தெரிந்தது.

உதவியாளர் வேலை கேவலமான வேலை இல்லை சகோதரிகளே. உழைத்துச் சம்பாதிக்கும் எந்த வேலையும் கேவலம் இல்லை. உதவியாளர் வேலைக்கு நர்ஸ் என்று பெயர் வைத்துப் பணம் வாங்குவதுதான் தப்பு.

5. வேறு வழி என்ன இருக்கிறது?

ஒரே ஒரு நோட்டீஸ் கையில் இருந்தால் அது மட்டும்தான் வழி என்று தோன்றும். குறைந்தது மூன்று வழியாவது எழுதிப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் எழுதியவை இவை:

அரசு நர்ஸிங் பள்ளி, கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது. கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. அரசு ஐ.டி.ஐ.யில் ஒரு தொழில் பிரிவில் சேருவது. மூன்றாவது, கிராமப்புற ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக 2014-ல் தொடங்கிய தீன் தயாள் உபாத்யாயா திட்டத்தின் கட்டணமில்லாப் பயிற்சி. நோயாளி உதவியாளர் போன்ற பயிற்சிகள் இதில் உண்டு. உதவியாளர் வேலைக்குத்தான் போகப் போகிறோம் என்றால் அதை எதற்குக் காசு கொடுத்துப் படிக்க வேண்டும்?

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு, மேற்படிப்பின்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. நம் பிள்ளைக்குப் பொருந்துமா என்று சேரும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள்.

அந்தப் பிள்ளை அரசு நர்ஸிங் படிப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். இடம் கிடைக்குமா, கிடைக்காதா என்று இதை எழுதும்வரை தெரியாது. கிடைக்காவிட்டால் அடுத்தது என்ன என்பதும் அவள் நோட்டில் எழுதியிருக்கிறது. வீட்டில் செல்லாத சர்டிபிகேட்டும் இல்லை, 50,000 கடனும் இல்லை.

நம்ம தொழிலுக்கும் இதே கேள்விதான்

பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, நமக்கும் இது பொருந்தும். இன்னொரு குழுவில் ஒரு சகோதரி தையல் மெஷின் வாங்கக் கடன் கேட்டார். "ஏன் தையல்?" என்று கேட்டோம். "எல்லாரும் அதைத்தானே கத்துக்கிறாங்க" என்றார். எல்லோரும் செய்கிறார்கள் என்பது ஒரு காரணமா? எல்லோரும் செய்தால் நமக்கு எங்கே வேலை வரும்?

அவரே போய் ஊரில் தைக்கிற ஆறு பேரிடமும் விசாரித்தார். ஜாக்கெட் தைக்க ஆள் அதிகம். தீபாவளி, பொங்கல், கல்யாண மாதம் போனால் கையில் வேலை குறைவு. ஆனால் சேலைக்கு ஃபால்ஸ் வைக்கவும் ஓரம் அடிக்கவும் ஊரில் யாரும் இல்லை. எல்லோரும் டவுனுக்குப் பஸ் ஏறுகிறார்கள். ஆகவே அவர் அதைக் கற்றுக்கொண்டு, அதற்கேற்ற மெஷின் வாங்கினார். இப்போது அந்த ஆறு பேருமே அவரிடம்தான் சேலை கொடுக்கிறார்கள். கேள்வி கேட்டால் "வேண்டாம்" என்றுதான் முடியும் என்று நினைக்காதீர்கள். சில சமயம் இதைவிட நல்ல வழி தெரியவரும்.

பயிற்சிக்கு எங்கே போவது என்று கேட்கிறீர்களா? மாவட்டங்களில் வங்கிகள் நடத்தும் கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. 1982-ல் கர்நாடகத்தில் உஜிரே என்ற ஊரில் தொடங்கிய ஒரு பயிற்சி நிலையத்தைப் பார்த்துத்தான் இவை நாடு முழுக்க வந்தன. பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. உங்கள் வங்கிக் கிளையில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

கேட்க ஏன் தயக்கம்?

"படிச்சவங்க சொல்றாங்க, நாம என்ன கேக்கறது?" என்று நினைக்கிறோம். "சொந்தக்காரர்கிட்ட கேட்டா கோவிச்சுக்குவாரு" என்று பயப்படுகிறோம். கேள்வி கேட்பது ஆளைச் சந்தேகப்படுவது இல்லை, விஷயத்தைச் சரிபார்ப்பது. நல்ல நிறுவனம் என்றால் கேள்விக்குக் கோபப்படாமல் பதில் சொல்லும். "இன்னைக்கே கட்டணும், நாளைக்கு சீட் போயிடும்" என்று யாராவது அவசரப்படுத்தினால் அன்றைக்குப் பணம் கட்டாதீர்கள்.

நம்மையும் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கிறாள் என்பதற்காகச் சேர்க்கிறோமா? பிள்ளைக்கு விருப்பம் உண்டா? அவளிடம் கேட்டோமா? அன்றைக்குக் கூட்டத்தில் எல்லோரும் பேசினோம். அந்தப் பிள்ளையை அழைத்து, "உனக்கு என்னம்மா ஆசை?" என்று கேட்டது கடைசியில்தான். அது எங்கள் தவறு. நீங்கள் முதலிலேயே கேளுங்கள்.

இந்த மாதக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. இந்தப் பாடத்தை ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்க வேண்டும்.

2. படிப்புக்கோ பயிற்சிக்கோ பணம் கட்டி ஏமாந்த சகோதரி யாராவது இருந்தால் பேசச் சொல்லுங்கள். யாரும் குறை சொல்லக் கூடாது. அவருடைய அனுபவம் குழுவுக்குச் சொத்து.

3. ஒரு நோட்டீசையோ விளம்பரத்தையோ எடுத்து ஐந்து கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். தெரியாத பதிலை யார் விசாரித்து வருவது என்று பொறுப்புக் கொடுங்கள்.

4. படிப்பு, பயிற்சிக் கடன் விண்ணப்பத்தோடு ஐந்து கேள்விக்கும் பதில் எழுதிய ஒரு தாளை இணைக்க வேண்டும் என்று தீர்மானம் போடுங்கள். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்ல மற்றவர் எழுதிக் கொடுக்கலாம்.

மூலையில் உட்கார்ந்து மெதுவாகப் பேசிய அந்தச் சகோதரியின் மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவளும் பிளஸ் டூ பாஸ்தான். வயது 21. அடுத்த கூட்டத்துக்கு அவளையும் அழைத்து வரச் சொல்லியிருக்கிறோம். அவளுக்கு இப்போது என்ன வழிகள் இருக்கின்றன என்று பார்க்க அந்த ஐந்து கேள்விகளோடு உட்காரப் போகிறோம்.