பழைய வால்வ் அம்ப்பும் பெரிய ஸ்பீக்கரும்: கரையோர வீட்டுக்குச் சில குறிப்புகள்

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை, எங்கள் கரையோரத்தில் எத்தனையோ வீட்டு முன்கூடத்தில் இன்னமும் ஒரு ரேடியோகிராம் நிற்கிறது. மேலே பின்னல் துணி, துணிக்கு மேல் பூச்சாடி. ரேடியோ சிலோன் காலத்தில், அதாவது 1967இல் அது கூட்டுத்தாபனம் ஆவதற்கு முன், வாங்கியவை பல. பழுதான சாமான் என்று ஒதுக்கிவிட்டு, பெட்டி மேல் 200 வாட் என்று எழுதிய புதுச் செட்டை வாங்கி வைக்கிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். பிறகு ஒருநாள், அப்பாவின் ரேடியோகிராம் பெட்டிக்குள் இருந்த சின்ன வால்வ் அம்ப்பைக் கழற்றி, சிலாபத்தில் வாங்கிய பழைய 12 அங்குலக் காகிதக் கூம்பு ஸ்பீக்கரில் மாட்டினேன். ஒரு நாகசுரத் தட்டைப் போட்டேன். சுரம் பிறப்பதற்கு முன் சீவாளிக்குள் மூச்சு நுழைகிற சத்தம் கேட்டது. அந்தத் தட்டை முப்பது வருடமாகக் கேட்கிறேன். அந்த மூச்சை அன்றுதான் கேட்டேன். அதற்குப் பிறகு பட்டும் கேட்டும் தெரிந்துகொண்டவை இவை.

1. அம்ப்பின் வாட்டைப் பார்க்கும் முன் ஸ்பீக்கரின் டெசிபலைப் பாருங்கள். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி வைத்து அளந்தால் எவ்வளவு சத்தம் வருகிறது என்பதுதான் அந்த எண். இதைத்தான் உணர்திறன் என்கிறோம். இன்றைய சின்னப் பெட்டி ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 84 முதல் 88 வரை. பழைய பெரிய காகிதக் கூம்புகள் 94, 96 என்று போகும். குழல் வாய் வைத்தவை 100ஐத் தாண்டும். விவரத்தாளில் ஒரு வாட் என்பதற்குப் பதிலாக 2.83 வோல்ட் என்று போட்டிருந்தால் ஓமையும் பாருங்கள். 8 ஓமில் அது சரியாக ஒரு வாட். 4 ஓமில் இரண்டு வாட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் எழுதியிருக்கும் எண்ணில் 3ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

2. கணக்கு எளிது. 3 டெசிபல் கூட வேண்டுமானால் வாட் இரட்டிக்க வேண்டும். 98 டெசிபல் ஸ்பீக்கரில் 6 வாட் தருகிற சத்தத்தை 86 டெசிபல் ஸ்பீக்கரில் எடுக்க 96 வாட் வேண்டும். அப்பாவின் பெட்டிக்கு நாலைந்து வாட் போதுமாக இருந்தது இதனால்தான். அந்தக் காலத்தில் வாட் விலை கூடிய பொருள்; அதனால் ஸ்பீக்கர் செய்தவர்கள் ஒரு வாட்டையும் வீணாக்காமல் செய்தார்கள். டிரான்சிஸ்டர் வந்து வாட் மலிந்த பிறகு பெட்டிகள் பரவலாகச் சிறுத்தன, உணர்திறனும் இறங்கியது.

3. பழையது எல்லாம் உணர்திறன் கூடியது என்று எண்ண வேண்டாம். பிபிசி தன் ஒலிபரப்பு வேலைக்காக 1970களில் வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ பெயர்பெற்ற பழைய ஸ்பீக்கர்தான். ஆனால் அதன் உணர்திறன் 83 டெசிபலை ஒட்டியது. 4 வாட் வால்வ் அம்ப்பை அதில் மாட்டினால் கொஞ்சம் கூட்டியதுமே சத்தம் கரகரக்கும். மறுபக்கம், பால் கிளிப்ஷ் 1946இல் கொண்டுவந்த மூலைக் குழல் ஸ்பீக்கருக்கு ஒரு வாட்டே வீடு நிறையப் போதும்.

4. குழல் வாய் ஏன் இவ்வளவு சத்தம் தருகிறது என்பதைத் திருவிழாவில் பார்த்திருப்பீர்கள். உடப்புத் திரௌபதி அம்மன் தீமிதி போன்ற நாள்களில் தென்னையில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கருக்குள் இருக்கும் சவ்வு உள்ளங்கை அளவுகூட இராது. குறுகிய தொண்டையில் தொடங்கி மெல்ல மெல்ல விரியும் குழல், அந்தச் சின்னச் சவ்வின் அசைவை வெளிக்காற்றோடு பொருத்திவிடுகிறது. சவ்வின் உழைப்பு வீணாகாமல் காற்றில் ஏறுகிறது. வீட்டுக் குழல் ஸ்பீக்கரிலும் நடப்பது இதுவேதான். அதற்காகக் கோயில் குழாயை முன்கூடத்தில் கட்டிவிடாதீர்கள். அது குரலுக்குச் செய்தது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் அதில் கேட்கவே கேட்காது.

5. ஓமைப் பொருத்துங்கள். வால்வ் அம்ப்பின் பின்னால் 4, 8, 15 அல்லது 16 என்று முனைகள் இருக்கும். பழைய பிரித்தானிய ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 15 ஓம். ஸ்பீக்கர் எந்த ஓமோ அந்த முனையில் மாட்டுங்கள்.

6. இதைச் சுவரில் எழுதி ஒட்டிவைத்தாலும் தகும்: ஸ்பீக்கர் வயரை மாட்டாமல் வால்வ் அம்ப்பைப் போடவே கூடாது. சத்தம் போக வழியில்லாமல் வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மருக்குள் மின்னழுத்தம் எகிறி, உள்ளே சுற்று பொசுங்கிவிடும். அந்த டிரான்ஸ்ஃபார்மர்தான் பழைய அம்ப்பின் உயிர். அதே மாதிரி இன்னொன்று கிடைப்பது அரிது. டிரான்சிஸ்டர் அம்ப் இதற்கு நேர்மாறு. ஸ்பீக்கர் இல்லாமல் போட்டால் ஒன்றும் ஆகாது. இரண்டு வயர் நுனி ஒன்றோடொன்று தொட்டாலோ, சொன்னதைவிடக் குறைந்த ஓமில் மாட்டினாலோ அது போய்விடும்.

7. எந்த அம்ப்? ரேடியோகிராமில் பெரும்பாலும் ஈ.எல். 84 அல்லது ஈ.சி.எல். 82 வால்வ் இருக்கும். ஒற்றை வால்வாக நின்றால் மூன்று முதல் ஐந்து வாட், இரண்டு ஈ.எல். 84 மாறி மாறித் தள்ளி இழுத்தால் பத்துக்கு மேல். ஒற்றை வால்வுக்கு 95 டெசிபலுக்குக் குறையாத ஸ்பீக்கர் தேடுங்கள். 1958இல் வந்த லீக் ஸ்டீரியோ 20 பக்கத்துக்குப் பத்து வாட் தரும். 1953இன் குவாட் 2 பதினைந்து வாட். இவற்றுக்கு 90ஐத் தாண்டிய எந்த நல்ல ஸ்பீக்கரும் வீட்டுக்குப் போதும். இவை கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காதவர்கள் ரேடியோகிராமை நம்பலாம். நான் அதைத்தான் நம்பினேன், குறையே இல்லை.

8. 1970களின் ஜப்பான் செட்டுகளை, சான்சுய், பயனியர் போன்றவற்றை, 100 டெசிபல் ஸ்பீக்கரில் மாட்டினால் இரண்டு தொல்லை வரும். வொலியூம் குமிழ் ஏழு மணியிலிருந்து எட்டுக்கு வருவதற்குள் வீடு அதிரும். அந்தத் தொடக்க இடத்தில் இடதும் வலதும் ஒரே அளவில் பேசாது. அத்துடன், பாட்டு இல்லாதபோதும் ஒரு இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். பின்புறம் பிரீ-அவுட், மெயின்-இன் என்று துளைகள் இருக்கும் செட்டானால், இடையில் பக்கத்துக்கு இரண்டு ரெசிஸ்டர் போட, ரேடியோ திருத்தும் பாஸிடம் சொல்லுங்கள்: 10 கிலோ ஓம் வழியிலும், 1 கிலோ ஓம் அங்கிருந்து ஏர்த்துக்கும். சத்தம் சுமார் 20 டெசிபல் இறங்கும். குமிழ் கைக்கு அடங்கும், முன்பகுதியின் இரைச்சலும் சேர்ந்து இறங்கும். சின்ன வேலைதான்.

9. உணர்திறன் கூடிய ஸ்பீக்கர் நல்லதை மட்டுமல்ல, அம்ப்பின் நோயையும் பெரிதாக்கிக் காட்டும். ‘ஹூம்’ என்ற முனகல் வந்தால் அதன் சுருதியைக் கவனியுங்கள். எங்கள் கரண்ட் 50 ஹேர்ட்ஸ். முனகல் ஆழமாக, 50இல் இருந்தால் வயர், ஏர்த், வால்வின் சூடேற்றி ஆகியவற்றில் தேடுங்கள். அதைவிட ஒரு ஸ்தாயி மேலே, கரகரப்போடு, 100இல் இருந்தால் மின்வடிகட்டிக் கண்டென்சர் உலர்ந்துவிட்டது. சுருதி தெரிந்த காது இதைச் சட்டென்று பிரித்துவிடும். ரேடியோ பாஸிடம் போகும்போது இந்த ஒரு விவரத்தைச் சொல்லிவிட்டால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.

10. வருடக்கணக்காகத் தூங்கிய அம்ப்பை நேரே பிளக்கில் செருகாதீர்கள். நான் செருகினேன். ஐந்து நிமிடத்தில் ஒரு ஈ.எல். 84இன் உள்தகடு அடுப்புக்கரி மாதிரிச் சிவந்தது. பழைய காகிதக் கண்டென்சர் ஒன்று கசிந்து, வரக்கூடாத மின்னழுத்தத்தை வால்வுக்குள் விட்டிருந்தது. அந்த வால்வ் போயிற்று. டிரான்ஸ்ஃபார்மர் மயிரிழையில் தப்பியது. சரியான வழி, பழைய இழை பல்ப் ஒன்றை, 60 வாட் போதும், அம்ப்போடு தொடராக வயர் பண்ணி அதன் வழியே கரண்ட் விடுவது. பல்ப் ஒரு கணம் எரிந்து பிறகு மங்கினால் நல்ல அறிகுறி. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே எங்கோ கோளாறு, உடனே நிறுத்துங்கள். எல்.ஈ.டி. பல்ப் இதற்கு உதவாது. எப்படியானாலும் காகிதக் கண்டென்சர்களையும் மின்வடிகட்டிகளையும் புதிதாக மாற்றிவிடுவதே பாதுகாப்பு. உள்ளே 300 வோல்ட்டும் அதற்கு மேலும் நிற்கும், பிளக்கைக் கழற்றிய பிறகும் கண்டென்சரில் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர் மூடியைத் திறக்க வேண்டாம்.

11. மின்னழுத்தத் திருகு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். 900 மெகாவாட் நுரைச்சோலை அனல்மின் நிலையம் எங்கள் கற்பிட்டித் தீபகற்பத்திலேயே இருந்தாலும், கம்பியின் கடைசி வீட்டில் கரண்ட் ஏறி இறங்கத்தான் செய்கிறது. 220, 240 என்று இரண்டு இடம் இருந்தால் 240இல் வையுங்கள். வால்வின் ஆயுள் கூடும். ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த 100, 117 வோல்ட் பெட்டிக்கு இறக்கு டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்த அமெரிக்கப் பெட்டி இங்கே கூடச் சூடாகும். ஒரு மணி நேரம் கழித்துக் கைவைத்துப் பாருங்கள்.

12. இனி உப்பு. கண்டியில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மே முதல் செப்டெம்பர் வரை கற்பிட்டிக் காற்று உப்பை அள்ளிக்கொண்டு வரும். ஜன்னல் கம்பியில் விரலை வைத்து நாக்கில் தொட்டால் கரிக்கும். அதே உப்புத்தான் வால்வின் காலிலும், சாக்கெட்டிலும், வொலியூம் குமிழுக்குள்ளும் படிகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, வால்வை நாலு தடவை மெல்ல இழுத்துச் செருகினாலே பாதி அழுக்குப் போகும். மீதிக்குக் கண்டாக்ட் கிளீனர். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மேற்பூச்சுப் போய் அடுத்த முறை இன்னும் சீக்கிரம் பச்சை பிடிக்கும். ஸ்பீக்கர் வயரின் நுனி பச்சையானால் அந்த இரண்டு அங்குலத்தை வெட்டி எறிந்து, புதிய நுனிக்கு ஈயம் பூசுங்கள். மூடிவைக்கப் பருத்தித் துணி. பொலித்தீன் வேண்டாம், உள்ளே வியர்க்கும். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரத்தில் இரண்டு நாளாவது போட்டுக் கேட்பது. வால்வின் சூடே பெட்டியை உலர்த்திவிடும்.

13. பாட்டுக்கு நடுவே யாரோ பேசுகிறார்களா? புத்தளத்தில் இந்தியாவை நோக்கி 882 கிலோஹேர்ட்ஸில் ஒலிபரப்பும் டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோவின் வலுவான மத்திய அலை நிலையம் இருக்கிறது. சிலாபத்துக்குத் தெற்கே இரணவிலயில் வொய்ஸ் ஒஃப் அமெரிக்காவின் நிலையம் 2016 வரை இருந்தது. இப்படிப்பட்ட நிலையத்துக்கு அருகில் உப்பேறிய மூட்டு ஒவ்வொன்றும் ஒரு ரேடியோவாகிவிடும். துருப்பிடித்த இணைப்பு டையோடு மாதிரி வேலை செய்து அலையைக் குரலாக்கிவிடும். ஆகவே முதலில் மூட்டுகளைச் சுத்தம் செய்யுங்கள். அடுத்து ஸ்பீக்கர் வயரைக் குட்டையாக்கி, அம்ப் பக்க நுனியில் ஃபெரைட் வளையத்தில் நாலைந்து சுற்றுச் சுற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் முதல் வால்வின் கிரிட் காலை ஒட்டி ஒரு சின்ன ரெசிஸ்டர் வைக்கப் பாஸிடம் சொல்லுங்கள்.

14. பழைய ஸ்பீக்கர் வாங்கும்போது சட்டைப்பையில் ஒரு 1.5 வோல்ட் பற்றரி இருக்கட்டும். முனைகளில் ஒரு கணம் தொட்டால் ‘டக்’ என்று கூம்பு அசைய வேண்டும். பற்றரியின் கூட்டல் முனை ஸ்பீக்கரின் கூட்டலில் பட்டால் கூம்பு பெரும்பாலும் முன்னே வரும். எப்படியானாலும் இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் அசைய வேண்டும். ஒன்று முன்னும் ஒன்று பின்னும் போனால் கனமான சத்தம் காணாமல் போய்விடும். கூம்பை மெல்ல அமுக்கிப் பார்த்து உரசுகிறதா என்று கேளுங்கள். விளிம்பு துணியோ மடித்த காகிதமோ என்றால் தயங்காமல் வாங்கலாம். பஞ்சு விளிம்பு எங்கள் காற்றில் பொடிந்துவிடும்.

15. குழல் வாய்க்குள் குளவி மண்கூடு கட்டும். இழை விலகிய மெல்லிய துணியை வாயில் கட்டிவிடுங்கள். அம்ப்பின் காற்றுத் துளைகளுக்குப் பல்லி நுழையாத கம்பி வலை. பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் படாமல் கட்டைமேல் வையுங்கள், கறையான் ஏறினால் கண்ணில் படும்.

16. எங்கள் வீடுகளில் சீமெந்துத் தரை, வெறுஞ்சுவர், மேலே ஓடு. குழல் ஸ்பீக்கர் அங்கே கூசும். உட்காரும் இடத்துக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு பெரிய பன் பாய், எதிர்ச் சுவரில் கனமான திரை, இவ்வளவு போதும். குழலின் வாய் உட்கார்ந்த காதின் உயரத்தில் இருக்கட்டும். இரண்டையும் உள்நோக்கித் திருப்பி, அவற்றின் பார்வை உங்கள் முகத்துக்குச் சற்று முன்னால் சந்திக்கும்படி வைத்தால், ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் பாட்டு நடுவிலிருந்தே வரும்.

17. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடி தொடங்குமுன் பிளக்கையும் ஏரியலையும் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மழை ஓய்ந்து ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம் நின்றதும் மறுபடி செருகி, வால்வின் சூடேற்றி சிவக்கிற அரை நிமிடம் பொறுத்து, ஊசியைத் தட்டில் இறக்கலாம்.